தசைவலிக்குக் குளிர் ஒத்தடம்: எப்போது, எவ்வளவு நேரம்?

நெடுநாள் இடைவெளிக்குப்பின் உடற்பயிற்சி தொடங்குவோருக்கும், மலைக்கோயிற் படிகளில் ஏறி இறங்கியோருக்கும் மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிப்பது இயல்பு. பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, அங்கு அழற்சி உண்டாவதே காரணம். ஏறுவதைவிட இறங்குவதே தசைகளை மிகுதியாக வருத்தும். இவ்வலி 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தானாகவே தணியும்.

குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வலியை உணர்த்தும் நரம்புகளின் வேகத்தைக் குறைக்கிறது. எனவே வலி தணியும்; ஆனால் சிதைந்த இழைகளைச் சீராக்குவது உடலின் வேலையே.

பனிக்கட்டித் துண்டுகளை மெல்லிய ஈரத்துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடங்கள் வரை மட்டும் ஒத்தடம் கொடுக்கலாம். தேவையெனில் 2 மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். பனிக்கட்டியைத் தோலின்மீது நேரடியாக வைப்பதும், வைத்தபடியே உறங்கிவிடுவதும் கூடாது, தோல் புண்ணாகிவிடும்.

நீரிழிவால் கால் மரத்துப்போனவர்கள் குளிரின் மிகுதியை உணரமாட்டார்கள். கால்களில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்குப் புண் எளிதில் ஆறாது. இவ்விருவரும் குளிர் ஒத்தடத்தைத் தவிர்க்க வேண்டும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் குளிர்நீர்த் தொட்டியில் இறங்கலாகாது.

கடும் வலியோடு வீக்கமும் தளர்ச்சியும் கண்டு, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வெளியேறினால் அது சாதாரணத் தசைவலியன்று. சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் புரதம் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யக்கூடும். ஒத்தடம் கொடுத்துக் காலம் கடத்தாமல், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.