கருத்தரிக்கும் நாட்கள்: எக்ஸெலில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெலில் பால் கணக்கு, மளிகைக் கணக்கு போட்டுப் பழகுவார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் இன்னொரு கணக்கும் போடலாம்.

தி.நகரில் இருக்கும் என் தோழி ஒருவர், ஒரு சாஃப்ட்வேர் காட்டிய "14-ஆம் நாள்" என்பதையே எட்டு மாதம் நம்பியிருந்தார். வீட்டிலோ குத்தல் பேச்சு. ஆனால் அவருக்கு மாதவிலக்கு வருவது 34 நாட்களுக்கு ஒருமுறை!

கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாட்கள் முன்பு. 28 நாள் சுழற்சியில் அது 14-ஆம் நாள். 34 நாள் சுழற்சியில் 20-ஆம் நாள். விந்தணு 5 நாட்கள் வரை உயிரோடிருக்கும். முட்டையின் ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். எனவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும்தான் வாய்ப்புள்ளவை. 1995-இல் வெளியான, 221 அமெரிக்கப் பெண்களைப் பற்றிய ஆய்வும் இந்த 6 நாட்களையே காட்டியது.

இனி செய்முறை:

1. முதல் பத்தியில், மாதவிலக்கு தொடங்கிய தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள். குறைந்தது 6 மாதத் தேதிகள் வேண்டும்.

2. இரண்டாவது தேதிக்குப் பக்கத்து செல்லில் சமக்குறி போட்டு, அந்தத் தேதியை கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, முதல் தேதியை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். சுழற்சி நாட்கள் கிடைக்கும். அந்த செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்றவையும் வந்துவிடும்.

3. மிகக் குறைந்த எண்ணில் 18-ஐயும், மிக அதிக எண்ணில் 11-ஐயும் கழியுங்கள். 28, 34 என்றால் விடை 10, 23. மாதவிலக்கின் 10-ஆம் நாள் முதல் 23-ஆம் நாள் வரை வாய்ப்பு உண்டு.

வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் ஃபைலுக்கு பாஸ்வேர்ட் போடுங்கள். அதை மறந்தால் ஃபைல் திறக்காது, கவனம்!

இது உத்தேசக் கணக்குதான். சுழற்சி ஒழுங்காக இல்லாதவர்களுக்குப் பொருந்தாது. கருத்தடைக்கும் இதை நம்பக் கூடாது.

ஓராண்டு முயன்றும் பலனில்லை என்றால், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதத்திலேயே, டாக்டரைப் பாருங்கள். இருவரும் சேர்ந்து போங்கள். குறை கணவரிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளிதானதுதான். இந்த எக்ஸெல் ஷீட்டை பிரிண்ட் எடுத்துக் கொண்டு போனால், டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தயார்.