சேதராப்பட்டு ஷிப்டும் மூளை அலைகளும்

2023-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஏஎல்எஸ் நோயால் பேச்சு குழறிப்போன ஒருவரின் மூளையில் மருத்துவர்கள் நுண்ணிய மின்முனைகளைப் பதித்தார்கள். அவர் பேச முயன்ற சொற்களைக் கம்ப்யூட்டர் 97 சதவீதம் வரை சரியாகப் பிடித்து, நோய்க்கு முந்தைய அவருடைய குரலிலேயே சொன்னது. விபத்தில் தண்டுவடம் முறிந்து படுக்கையில் கிடப்பவர்களுக்காகவும் இந்த வித்தை ஒருநாள் நம் ஊருக்கு வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

என் கவலை, ஆபரேஷன் இல்லாமல் தலையில் மாட்டும் வகையைப் பற்றியது. சீனாவின் ஹாங்சோவில் ஓர் ஆலைத் தொழிலாளர்களின் தொப்பிக்குள் மூளை அலைகளைப் பதியும் உணரிகள் இருப்பதாக 2018-ல் செய்தி வந்தது. சோர்வையும் பதற்றத்தையும் கண்டுபிடிக்கத்தானாம். மண்டை ஓட்டைத் தாண்டி வரும் மெல்லிய மின்னலையை வைத்து ஒருவரின் மனநிலையைத் துல்லியமாகச் சொல்வது கடினம். கருவியின் தப்புக் கணக்குக்கு வேலையைப் பறிகொடுக்கப்போவது தொழிலாளிதான். புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியிடம் இப்படியொரு தொப்பியை நீட்டினால், வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியுமா?

இந்தியாவில் மூளையை வேவு பார்க்க முதலில் ஆசைப்பட்டது போலீஸ். 2008-ல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் மூளை அலைச் சோதனையையும் சான்றாக ஏற்றுத் தண்டனை கொடுத்தது. 2010 மே 5 அன்று, 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது: சம்மதமில்லாமல் யாரிடமும் இச்சோதனையை நடத்தக் கூடாது, உண்மை கண்டறியும் கருவிச் சோதனைக்குத் தரும் சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னிலையில் பதிய வேண்டும் என்ற வழிகாட்டுதல் இதற்கும் பொருந்தும். சம்மதத்தைப் பயமுறுத்தி வாங்கிவிட முடியும் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள்.

ஆனால், ஆலை வாசலில் மாஜிஸ்திரேட் நிற்பதில்லை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான காரணங்களுக்காகச் சம்மதம் கேட்காமலே தரவைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. மூளைத் தரவுக்கு அந்தச் சட்டத்தில் தனிக் காப்பு இல்லை. நான் அஞ்சும் ஓட்டை இதுதான்.

சிலி நாடு 2021-ல் மூளைச் செயல்பாட்டுக்கு அரசமைப்பிலேயே பாதுகாப்பு எழுதியது. 2023-ல் ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தரவை அழிக்கும்படி, தலையில் மாட்டும் மூளை அலைக் கருவி விற்கும் எமோட்டிவ் நிறுவனத்துக்கு அங்குள்ள உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செனட்டருக்கு வழக்காட வசதி இருந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது இல்லை. தொப்பியை மறுத்தவருக்கு மறுநாள் ஷிப்ட் மறுக்கக் கூடாது என்று விதி வேண்டும். மீறும் ஆலைக்குள் நுழைந்து கேள்வி கேட்கும் அதிகாரம் தொழிற்சாலை ஆய்வாளருக்கு வேண்டும். கருவி வந்திறங்குவதற்கு முன்பே புதுச்சேரி அரசு இதைச் செய்ய வேண்டும்.