இதயத்தைத் தொடும் முனைக்கு எத்தனை கிராம்?

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நமக்கு ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிலையம் அது. நம் நாட்டில் உருவான சித்ரா இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டதும் அங்கேதான். நாகர்கோவில், திருநெல்வேலியிலிருந்து இதய நோய்க்காக வரும் உறவினர்கள் நம் வீடுகளில் தங்கித்தான் போவார்கள். அப்படி வந்த என் சித்தப்பாவுக்கு 'ஏட்ரியல் பிளட்டர்' என்றும், கத்தீட்டர் மூலம் 'அப்லேஷன்' செய்யலாம் என்றும் சொன்னார்கள். "இதயத்தைச் சுடப்போகிறார்களாமே!" என்று சித்தி பயந்துபோனார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கு எழுதுகிறேன்.

இந்த நோயில், இதயத்தின் வலது மேலறையில் மின்துடிப்பு செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்றுகிறது, நிமிடத்துக்குச் சுமார் 300 முறை. பெரும்பாலும் அதில் பாதிதான் கீழறையை எட்டும். நாடி 150 அளவில் ஓடும். படபடப்பை வாயுத் தொல்லை என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் உண்டு. மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது.

வழக்கமான வகையில் இந்தச் சுற்று, மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் நடுவிலுள்ள குறுகிய தசையைக் கடந்தாக வேண்டும். தொடை இரத்தக்குழாய் வழியே கத்தீட்டரைச் செலுத்தி, அதன் முனையிலிருந்து வரும் ரேடியோ அலைச் சூட்டால் அத்தசையின் குறுக்கே ஒரு கோடு போடுகிறார்கள். வயலில் மடையை அடைப்பது போலத்தான்.

எவ்வளவு அழுத்திச் சுடுவது என்பதில்தான் சிரமம். இதயமோ துடித்துக்கொண்டே இருக்கிறது. மூச்சோடும் ஏறி இறங்குகிறது. முனை பட்டும் படாமலும் இருந்தால் தழும்பு ஆழமாக விழாது. அன்று மின்சாரம் நின்றது போலத் தெரியும். வீக்கம் வடிந்ததும் மறுபடி பாயும். அதிகம் அழுத்தினால் சுவர் துளைபட்டு, இதய உறைக்குள் இரத்தம் கசியலாம். முன்பெல்லாம் கைப்பழக்கம், எக்ஸ்ரே படம், மின் அலைகள் இவற்றை வைத்தே மருத்துவர் அழுத்தத்தை ஊகித்தார். பிறகு முனையருகே நுண்ணிய சுருள்வில்லோ ஒளியிழைகளோ பொருத்திய கத்தீட்டர்கள் வந்தன. அமெரிக்காவில் இவற்றுக்கு 2014-ல் அனுமதி கிடைத்தது. அழுத்தம் எத்தனை கிராம் என்று திரையில் உடனுக்குடன் தெரியும். பொதுவாக 10 முதல் 20 கிராம் வரை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பவுன் எட்டு கிராம் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆக, ஒன்றேகால் பவுனிலிருந்து இரண்டரை பவுன் வரை. அவ்வளவுதான்!

இந்தக் கத்தீட்டருக்கு விலை கூடுதல். ஆனால் இவை வருமுன்பே இவ்வகை பிளட்டரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அப்லேஷன் பலன் தந்திருக்கிறது. மேலறை முழுதும் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' சிகிச்சையில்தான் இந்த அளவுமானி பெரிதும் பேசப்படுகிறது. எனவே அது இல்லையென்றால் சிகிச்சையே குறைவு என்று கலங்கிக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நம் நோயாளிக்கு எது தேவை என்று மருத்துவரிடமே கேட்டுவிடலாம்.

துடிப்பு சீரானதும் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்பது வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பொறுத்தது. அதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டே ஊருக்குப் புறப்பட வேண்டும்.