நிறைவேறாத நேர்ச்சை: குணமாகாத நோயும் நம்பிக்கையுள்ள நோயாளியும்

உருக்காணிக்கை சொல்வதும் சொல்லாததும்

வைத்தீஸ்வரன் கோயிலின் சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைப்பதும், கை, கால், கண் என நோயுற்ற உறுப்பின் வடிவை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் இடுவதும் நெடுங்கால வழக்கங்கள். அதே வகைத் தகடுகள் நாகூர் தர்கா வாசலிலும் விற்கப்படுகின்றன. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா திருத்தலத்திலோ, நலம் பெற்றவர்கள் கொணர்ந்த காணிக்கைகளைக் காட்சிக்கு வைக்கத் தனிக் கூடமே இருக்கிறது. மதம் எதுவானாலும் உடல்நலத்துக்கான வேண்டுதல் ஒரே வடிவம் கொள்கிறது என்பதற்கு இவை சான்று. ஆனால் இக்காணிக்கைகளில் பெரும்பகுதி, வேண்டியது கிடைத்தவர்களின் கணக்கையே காட்டுகிறது; வேண்டியும் குணமாகாதவர் எந்தக் கூடத்திலும் எதையும் கொண்டுவந்து வைப்பதில்லை, ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல மேடையேறுவதும் இல்லை. கிடைத்த முடிவுகளில் ஒரு பகுதி மட்டும் பார்வைக்கு வந்து, மறு பகுதி கணக்கிலிருந்தே விடுபட்டுப்போவதை மருத்துவப் புள்ளியியல் தேர்வுச் சாய்வு என்கிறது. அவ்வாறு விடுபட்டுப்போனவரின் உடலுக்கும் மனத்துக்கும் என்ன நேர்கிறது என்பது, வேண்டுதல் பலிக்குமா என்ற பழைய விவாதத்தைவிட, மருத்துவ நோக்கில் அவசரமான கேள்வி.

நோய் தானாகத் தணியும் வேளை

பல நோய்கள் ஒரே சீராக முற்றுவதில்லை. முடக்குவாதம், முதுகுவலி, தோல் அரிப்பு போன்றவை ஏறியும் இறங்கியும் போகும் இயல்புடையவை. நோயாளி மருத்துவரையோ கோயிலையோ நாடிச் செல்வது பெரும்பாலும் வேதனை உச்சத்தில் இருக்கும்போதுதான் என்பதால், அதன் பின் எது செய்தாலும் செய்யாவிட்டாலும் வலி வழக்கமாக ஓரளவு குறையும். உச்சத்தில் அளக்கப்பட்ட ஒன்று மறுமுறை அளக்கும்போது சராசரியை நோக்கித் திரும்புகின்ற இப்போக்கு, உண்மையான குணத்தைப் போலவே தோற்றமளிக்கும். நம்பிக்கை தரும் அமைதியும் எதிர்பார்ப்பும் வலி உணர்வையும் உறக்கத்தையும் மேம்படுத்தக்கூடும் என்பதும் மெய்யே. ஆனால் அவை கட்டியைக் கரைப்பதில்லை, செயலிழந்த கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்வதில்லை.

இந்த வேறுபாட்டைச் சமயத் தலமே கறாராகக் கையாண்டதற்கு எடுத்துக்காட்டு பிரான்சு நாட்டின் லூர்து நகர். 1858-இல் அன்னை மரியாள் அங்கே காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். 1883-இல் அங்கு ஒரு மருத்துவ அலுவலகம் நிறுவப்பட்டது. நோய் கடுமையானதாகவும் ஐயமின்றிக் கண்டறியப்பட்டதாகவும் இருக்க வேண்டும், குணம் திடீரென்றும் முழுமையாகவும் ஏற்பட்டு நிலைத்திருக்க வேண்டும், செய்த சிகிச்சையால் அது விளைந்திருக்கக் கூடாது என்பன அங்குள்ள அளவுகோல்கள். ஏறத்தாழ 7,000 பேர் குணமானதாக அறிவித்திருந்தும், 2018 வரை திருச்சபை அற்புதமென ஏற்றவை 70 மட்டுமே. ஒரே மாலை ஜெபக்கூட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் குணமானதாக ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கத்தை இந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

வேண்டுதலை எண்ணிப் பார்த்த ஆய்வுகள்

1872-இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், நாடெங்கும் ஆலயங்களில் நீண்ட ஆயுளுக்காக வேண்டப்பட்ட அரச குடும்பத்தினர் வசதி படைத்த மற்றவரைவிட நீடித்து வாழவில்லை என்று கணக்கிட்டுக் காட்டினார். 1988-இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையொன்றின் இதய நோயாளிகள் 393 பேரிடம் நடந்த ஆய்வு, வேண்டப்பட்டவர்களுக்குச் சில அளவைகளில் நன்மை கண்டதாக அறிவித்தது. ஆயினும் பல அளவைகளை ஒரே வேளையில் சோதிக்கும்போது சிலவற்றில் தற்செயலாகவே வேறுபாடு தோன்றும் என்பதால் அம்முடிவு உறுதியாக நிற்கவில்லை.

2006-இல் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதயத் தமனி மாற்றுவழி அறுவை செய்துகொண்ட 1,802 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தமக்காக வேண்டப்படலாம், படாமலும் போகலாம் என்று கூறப்பட்ட இரு குழுக்களில், வேண்டப்பட்டவர்களுள் 52 விழுக்காட்டினருக்கும் வேண்டப்படாதவர்களுள் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன; தமக்காக வேண்டப்படுகிறது என்று உறுதியாக அறிந்திருந்த மூன்றாம் குழுவிலோ அது 59 விழுக்காடாக உயர்ந்தது. கடவுளைச் சோதனைச் சாலையில் நிறுத்த இயலாது என்று இறையியலாளர் கூறும் மறுப்பில் நியாயம் உண்டு. கடவுளைப் பற்றி இவ்வெண்கள் எதையும் மெய்ப்பிக்கவில்லை. எனினும், அந்த மூன்றாம் குழுவின் முடிவு தற்செயலாகவே இருக்கலாம் என்று ஒதுக்கினாலும், பலரும் தனக்காக முழந்தாளிட்டிருக்கையில் தான் குணமாகியே தீர வேண்டும் என்ற கட்டாயம் நோயாளியின் நெஞ்சில் சுமையாக இறங்கக்கூடும் என்ற ஊகம் எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று.

பழி விழும் இடம்

வேண்டியும் குணமாகாதபோது ஊர் ஒரு காரணத்தைத் தேடுகிறது. விசுவாசம் போதவில்லை என்கிறார் ஜெப ஊழியர். நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது, தெய்வக் குத்தம் என்கிறது குடும்பம். முன்வினை என்கிறார் பரிகாரம் சொல்பவர். செய்வினை என்கிறார் அண்டை வீட்டார். விளக்கங்கள் வேறுபட்டாலும், இவற்றுள் பெரும்பாலானவை நோயாளியையோ அவருடைய நெருங்கிய உறவையோ குற்றவாளியாக்குவதில் ஒன்றுபடுகின்றன. புற்றுநோய்க் குழந்தையின் தாயிடம், கர்ப்பகாலத்தில் எந்தக் கோயிலுக்குப் போகாமல் விட்டாய் என்று கேட்கப்படும் கேள்வி இவற்றுள் மிகக் கொடியது. சாவு வீட்டிலும் அந்தக் கேள்வி அவளை விடுவதில்லை.

இந்தச் சுமைக்கு உடலளவில் விலை இருக்கக்கூடும். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் குழுவினர், 55 வயதுக்கு மேற்பட்ட 596 உள்நோயாளிகளை ஏறத்தாழ இரண்டாண்டுகள் பின்தொடர்ந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று எண்ணியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 28 விழுக்காடும், கடவுளின் அன்பையே ஐயுற்றவர்களுக்கு 22 விழுக்காடும், சாத்தானே நோயைத் தந்தது என்று முடிவு கட்டியவர்களுக்கு 19 விழுக்காடும் மிகுந்திருந்தது. நோயின் கடுமை, மனச்சோர்வு போன்ற காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நீடித்தது. இதனை ஆன்மிகப் போராட்டம் என்று ஆய்வாளர் வழங்குவர். காரணமும் விளைவும் எது எது என்று இத்தகைய ஆய்வு அறுதியிட்டுக் கூறாது; ஆயினும் இந்நிலையில் உள்ளவரை அடையாளம் காண்பது, இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல வழக்கமான கவனிப்பின் பகுதியாக இருக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான காரணம் தருகிறது.

பழிசுமத்தும் இப்போதனைக்குச் சமய நூல்களின் முழு ஆதரவும் இல்லை என்பதை அறிந்தவர் குறைவு. குற்றமற்றவரே துன்புற்றதைச் சொல்வது விவிலியம் கூறும் யோபுவின் கதை. அய்யூப் நபி என்று இஸ்லாமியர் போற்றுவதும் அவரையே. தன் உடலில் தைத்த முள் நீங்க வேண்டுமென்று மும்முறை வேண்டியும் அது நீக்கப்படவில்லை என்று பவுல் தம் நிருபத்தில் எழுதுகிறார்; அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எவரும் சொல்வதில்லை. பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, அவனும் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்பதே இயேசு தந்த விடை என்கிறது யோவான் நற்செய்தி. அப்பரின் சூலைநோய் தீர்ந்ததைப் பாடும் பெரியபுராணத்தைச் சொல்வோர், தீராத சூலையுடையோர் பக்தியில் குறைந்தவர் என்று அதிலிருந்து வருவித்துக்கொள்வது அந்நூலுக்கும் நியாயமன்று.

மருந்தை நிறுத்தச் சொல்லும் குரல்

குணமாகிவிட்டோம் என்று உணர்வது வேறு, நோய் நீங்குவது வேறு என்பதில் தவறினால் உயிர் போகும். முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால், உடல் கொழுப்பை எரித்து அமிலங்களைக் குவிக்கும் கீட்டோன் அமில மிகைநிலை சில நாள்களிலேயே நினைவிழப்பில் கொண்டுவிடும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் இடைவிடாத தொடர்வலிப்பு வரலாம். காசநோயாளிக்குச் சில வாரங்களில் இருமல் அடங்கிவிட்டாலும், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகாமலிருக்க முழுக்கால மருந்தும் தேவை. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருப்பது மாத்திரையின் வேலை. அந்தப் பரிசோதனைத் தாளையே அற்புதத்தின் சான்றாகக் கொண்டு மாத்திரையை விட்டவருக்குச் சில வாரங்களில் கிருமி திரும்புகிறது. சிகிச்சை மறுத்து நம்பிக்கையை மட்டும் நாடிய பெற்றோரின் பிள்ளைகள் 172 பேர் 1975-க்கும் 1995-க்கும் இடையில் அமெரிக்காவில் இறந்ததை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் 140 பேருக்கு வந்தவை சிகிச்சையளித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கும் நோய்கள் என்று கண்டனர்.

தமிழகத்தில் இதன் மிகத் துயரமான அத்தியாயம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. தர்காவில் அடங்கியுள்ள பெரியவர் கனவில் உத்தரவு தரும்வரை மனநோயாளி அங்கேயே தங்க வேண்டும் என்பது அங்குள்ள நம்பிக்கை. உத்தரவு வராமல் மாதங்களும் ஆண்டுகளும் காத்திருந்தோர் பலர். அவர்களை வைத்துக் காசு பார்த்த தனியார் காப்பகங்களுள் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பற்றிய தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றிக் கருகினர். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் தடுத்துவிட்டது என்பதோ பலருக்கு வியப்பளிக்கும் செய்தி.

ஆயினும் வழிபாட்டிடம் என்றாலே தீங்கு என்று முடிவு கட்டுவது பிழை. தமிழகக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூரு தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் ஆராய்ந்தபோது, சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது; அச்சுறுத்தலும் தண்டனையும் இல்லாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு அது. ஏர்வாடியிலும் இப்போது துஆ எனும் வேண்டுதலும் மருந்தும் ஒருங்கே கிடைக்க அரசு மனநல மருத்துவர்கள் தர்காவை ஒட்டியே சிகிச்சையளிக்கின்றனர்.

படுக்கையருகே பேச வேண்டியவை

நவீன வலிதணிப்பு மருத்துவத்தின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கும் பின்னியது என்று கண்டு அதனை முழுவலி என்றார். நான்காவதைக் கேட்டறிவதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. சாமி கைவிட்டுட்டார்னு தோணுதா என்று செவிலியர் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு அமர்ந்து கேட்டாலே பலர் பேசத் தொடங்குவர். உறக்கமின்மை, உணவை மறுத்தல், தன்னைத்தானே பழித்தல், இனி இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை இரு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பக்திக் குறைவன்று, சிகிச்சை வேண்டும் மனச்சோர்வு நோய். இறக்கும் எண்ணம் வெளிப்பட்டாலோ இரு வாரம் காத்திருக்கலாகாது.

முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், சமய நம்பிக்கையை மிகுதியாகச் சார்ந்திருந்தோர், இறுதி வாரத்தில் செயற்கைச் சுவாசம் போன்ற தீவிர சிகிச்சை பெற்றது மற்றவரைவிட ஏறத்தாழ மும்மடங்கு என்று தெரியவந்தது. அற்புதத்துக்குக் கால அவகாசம் தர விரும்பும் குடும்பத்தின் மனம் அதில் தெரிகிறது. அப்படி அற்புதம் நடக்கும் என்று சொல்லும் மகனிடம் வாதாடுவதும் தலையாட்டிவிட்டுப் போவதும் மருத்துவருக்கு ஒன்றுபோலவே தவறானவை. நாங்களும் அதையே விரும்புகிறோம், அது நடக்காவிட்டால் அம்மாவுக்கு எது வேண்டாம் என்று அம்மா முன்பு சொல்லியிருக்கிறார்களா என்று கேட்பது பேச்சை முன்னே கொண்டுசெல்லும். வினையை அனுபவித்தே தீர்க்க வேண்டும் என்று வலிமருந்தை மறுப்பவரிடம், அவர் மதிக்கும் குருக்களோ பாதிரியாரோ இமாமோ வந்து மருந்து எடுப்பது குற்றமன்று என்று சொன்னால், மருத்துவர் பத்து நாள் சொல்லி நடக்காதது அன்றே நடக்கக்கூடும். அதற்காக அவர்களின் தொலைபேசி எண்ணை நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டு மருத்துவக் கோப்பில் எழுதிவைப்பது வார்டில் எளிதாகச் செய்யத்தக்க வேலை. வீட்டில் உள்ளவர்கள் மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.