தங்கச்சிட வீடும் அண்ணன்ட வாயும்

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோவிலில் உற்சவம் தொடங்கிவிட்டால் 18 நாளும் ஊர் கோவிலடியில்தான். தன்னையே தோற்றுவிட்ட கணவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று சபையில் திரௌபதை கேட்ட கேள்வி, கோவிலுக்கு வந்த அப்பாவுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியிருப்பார்களா?

ஆண் பெண் சமத்துவத்தை அப்பா மகனிடம் பேச வேண்டும் என்றால் சமையலும் கோப்பை கழுவுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் பேச்சு தொடங்க வேண்டிய இடம் வளவும் வீடும். பாண்டிருப்பானாலும் மருதமுனையானாலும் சாய்ந்தமருதானாலும், தமிழரென்றும் முஸ்லிமென்றும் வித்தியாசமில்லாமல், கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் போய் இருப்பார். மகளுக்கு வீடில்லாமல் சம்பந்தம் பேசுவது கஷ்டம்.

அந்த வீட்டை யார் கட்டுகிறார்கள்? அப்பா அத்திவாரத்தைப் போடுவார். மிச்சம் கட்டாரிலோ சவூதியிலோ நிற்கும் அண்ணன்காரனின் பொறுப்பு. “தங்கச்சிட வீடு முடியட்டும் மகன், பொறகு உன்ட விசயத்தப் பாப்பம்.” அப்பா சொல்வது அவ்வளவுதான். மகன் தலையாட்டிவிட்டுப் போவான். காசு வரும் மாதம் சுவர் உயரும், வராத மாதம் தூணில் கம்பி துருப்பிடிக்கும். ஓடு போடுவதற்குள் அவனுக்கு முப்பது தாண்டிவிடும். தனக்கு அங்கே என்ன வேலை, எத்தனை பேரோடு ஒரே அறையில் படுக்கிறான் என்பதை அவன் அப்பாவிடம் சொல்வதில்லை. ஆம்பிளைப் பிள்ளை கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று அவனுக்குப் பழக்கியதே அப்பாதான். அப்பாவுக்கும் யாரோ அப்படித்தான் பழக்கினார்கள். யாருக்காக வீடு எழும்புகிறதோ அந்தத் தங்கச்சியையும் ஒருவரும் கேட்பதில்லை. அவள் இன்னும் படிக்க விரும்பலாம், சம்பாதித்துத் தானும் ஒரு பங்கு போடலாம். கூரை முடிந்தால் கலியாணம் என்று அவளுடைய வயதையும் மேசன்தான் தீர்மானிக்கிறார். இந்த வீட்டையும் சேர்த்துச் சீதனத்தையே ஒழிக்க வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வீட்டின் உறுதிப் பத்திரம். இத்தனை பாடுபட்டுக் கட்டிய வீடு கடைசியில் யார் பெயரில் இருக்கிறது? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் வந்து இந்தக் கரையில் கொண்டுபோன வீடுகளில் பல, தாய் மகளுக்குக் கொடுத்த வீடுகள். பிறகு கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றது அரசு, வேறிடத்தில் வீடு கொடுத்தார்கள். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் கணவனின் பெயர் ஏறியது. தாய்வழியாக வந்த பெண்ணின் வீடு அந்தக் கட்டத்துக்குள் ஆணின் வீடானது. சண்டையில்லை, வழக்கில்லை. எதிர்த்துக் கேட்க வேண்டும் என்று அந்த வீட்டு ஆண்களுக்குத் தோன்றவுமில்லை. குடும்பத் தலைவர் என்றால் ஆம்பிளைதான் என்பதை அவர்கள் சின்ன வயதிலேயே அப்பாவிடம் படித்துவிட்டார்கள். அண்ணன் வெயிலில் நின்று சம்பாதித்துக் கட்டியது தங்கச்சிக்கு. தன்னுடைய கலியாணத்தையும் தள்ளிவைத்தவனுக்கு அது அவள் பெயரில்தான் இருக்கிறதா என்று கேட்க முழு உரிமை உண்டு. மைத்துனர் கோபிப்பார் என்று அவன் பேசாமல் இருக்கிறான்.

வயல் காணியிலும் இதே சிக்கல்தான். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணிக்கு வாரிசு நியமிக்காமல் ஒருவர் இறந்தால், மகளுக்கு முன்னால் மகன் என்பதே வரிசையாக இருந்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. அப்படியொரு திருத்தம் வந்ததை எத்தனை அப்பாமார் வீட்டில் சொன்னார்கள்? மூத்தவனுக்குத்தானே என்ற பேச்சு தேநீர்க் கடையில் இன்னும் அப்படியே ஓடுகிறது.

அலுமாரிக்குள் பொலித்தீன் பையில் சுற்றிவைத்த அந்தக் காணியின் உத்தரவுப் பத்திரத்தை மூத்த மகனே எடுத்துவரட்டும். இதில் வாரிசாக யாருடைய பெயரைப் பதிந்திருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்கட்டும். அக்காவையும் தங்கச்சியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேட்கட்டும்.