சாரல் மேகத்துக்குச் சின்ன ஃப்ளாஷ் போதும்

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் தென்காசிப் பக்கத்துப் பண்பொழிக்குக் கல்யாண ஜோடிகள் படமெடுக்க வரத் தொடங்கிவிடுவார்கள். திருமலைக் குமாரசுவாமி கோயில் கொண்ட குன்று, அதன் அடியில் வயலும் தென்னந்தோப்பும், மேற்கே மேகம் கவிந்த மலைத்தொடர், மேக்கரைப் பக்கம் திரும்பினால் அடவிநயினார் அணை என்று, செட் போடத் தேவையே இல்லாத ஊர். சற்றுத் தள்ளி சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தியும் பூத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான படங்களை எடுக்க அந்த மாதம்தான் தோது.

படங்களைக் கணினியில் போட்டுப் பார்க்கும்போதுதான் குறை தெரியும். மலை அழகாக இருக்கும், வயல் அழகாக இருக்கும், மாப்பிள்ளையின் கண்கள் மட்டும் குழிக்குள் கிடக்கும். மேகம் மூடிய வானத்திலிருந்து வெளிச்சம் பெரும்பாலும் உச்சந்தலைக்கு மேலிருந்துதான் இறங்குகிறது. புருவ மேடு அதை மறைத்துவிடுவதால் கண்ணுக்குக் கீழே நிழல் தங்கிவிடும். தென்னந்தோப்புக்குள் நின்றால் இன்னொரு தொல்லை: ஓலையில் வடிகட்டி வரும் வெளிச்சமும் புல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பச்சை பூசியவை. மஞ்சள் தேய்த்துக் குளித்த முகத்திலும் அந்தப் பச்சை ஏறிவிடும். முகம் தெரியட்டும் என்று கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டினால், எந்த மேகத்துக்காக இவ்வளவு தூரம் வந்தார்களோ அது வெறும் வெள்ளைத் தாளாக வெளுத்துப்போகும்.

தெர்மாகோல் அட்டையைப் பிடிப்பது நம் ஊர் வழக்கம். செலவில்லாத வழிதான். ஆனால் அட்டை தன்மேல் விழுவதைத்தான் திருப்பி அனுப்பும். தோப்புக்குள் அதுவும் பச்சையைத்தான் அனுப்பும். பகல் வெயிலின் நிறத்தை ஒத்த, ஏறக்குறைய 5600 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தை முகத்துக்குத் தனியாகத் தருவதற்கு ஃப்ளாஷ் வேண்டும். அது விலை கூடியதாக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

புகைப்படக் கலைஞர்கள் இருட்டோடு போராடிய கதை பழையது. 1887ல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோகன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து ஃப்ளாஷ் பொடி தயாரித்தார்கள். பளிச்சென்று எரிந்து, அறை முழுக்கப் புகையைக் கக்கும். சில நேரம் கையையும் சுட்டுவிடும். 1929ல் அதே ஜெர்மனியில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் ஃப்ளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. ஒரு பல்புக்கு ஒரு படம்தான், பிறகு குப்பைக்கு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஹரால்டு எட்ஜர்டன், வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப மின்ன வைத்தார். பாலில் விழும் துளி கிரீடம்போல் தெறிக்கும் புகழ்பெற்ற படம் அவருடையதுதான். இன்று தென்காசிக் கல்யாண மண்டபங்களில் மின்னுவதெல்லாம் அந்தக் குழாயின் வாரிசுகளே.

உள்ளே நடப்பது எளிமையானது. நான்கு பேட்டரிகள் தரும் ஆறு வோல்ட்டுக்குள்ளான அழுத்தத்தை ஒரு சுற்று முந்நூறு வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி, கெப்பாசிட்டரில் சேமிக்கிறது. ‘கீ’ என்று மெல்லிய சத்தம் கேட்பது அப்போதுதான். பட்டனை அழுத்தியதும் சேமித்த மின்சாரம் செனான் குழாய்க்குள் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. கேமராவின் தலையில் செருகும் பெரிய ஃப்ளாஷ் ஒன்றில் ஏறக்குறைய 75 ஜூல் ஆற்றல் இருக்கும். பழுதானால் வீட்டில் திறந்து பார்க்கக் கூடாத பொருள் இது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கியடிக்கும்.

75 ஜூல் பெரிதா, சிறிதா? இப்போது எல்லாரும் வாங்கும் எல்இடி விளக்கோடு ஒப்பிட்டால் தெரியும். 60 வாட் எல்இடி, ஷட்டர் திறந்திருக்கும் இருநூறில் ஒரு பங்கு நொடியில் செலவிடுவது 0.3 ஜூல்தான். மின்சாரத்தை வெளிச்சமாக்குவதில் எல்இடி செனானைவிடக் கெட்டிக்காரன் என்று வைத்துக்கொண்டாலும் எட்டவே முடியாத இடைவெளி அது. இரவில் அறைக்குள் எடுக்கவும், வீடியோவுக்கும் எல்இடி சரி. பகல் வானத்தைப் பின்னணியாக வைத்து முகம் எடுக்க நினைப்பவர் எல்இடி ரிங் லைட் வாங்கினால் பணம் வீண்.

இங்கேதான் குற்றாலச் சீசன் கை கொடுக்கிறது. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்று வைத்தால் உச்சி வெயிலுக்கு எஃப் 11 அளவு துளை போதும். கனத்த சாரல் மேகத்தின் கீழ் அதே அமைப்புக்கு எஃப் 4 வரை திறக்க வேண்டியிருக்கும். அதாவது வெயிலில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் சாரலில் இருக்கிறது. வானம் எட்டில் ஒன்றாகக் குறைந்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டிய ஃப்ளாஷும் எட்டில் ஒன்று போதும். ராஜஸ்தான் பாலைவனத்தில் உச்சி வெயிலில் எடுப்பவருக்கு 200 ஜூல், 400 ஜூல் விளக்கு தேவைப்படலாம். பண்பொழியில் ஆடி மாதம் எடுப்பவருக்கு அது தேவையில்லாத சுமை.

கணக்கைக் களத்தில் வைத்துப் பார்ப்போம். குன்றின் அடியில் வயல் வரப்பு, காலை பதினொரு மணி, வானம் முழுக்க மேகம். பெண்ணின் முகத்துக்கு ஒன்றேகால் மீட்டர் தூரத்தில், கண்ணுக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் குடையை வைத்து, அதற்குப் பின்னால் ஃப்ளாஷை நிறுத்துகிறார் கலைஞர். குடை பாதிக்கும் மேற்பட்ட வெளிச்சத்தை விழுங்கிவிடும். அப்படியும் கோடாக்ஸ் டிடி600 போன்ற சாதாரண ஃப்ளாஷ் ஒன்று, எஃப் 4க்குத் தன் சக்தியில் சுமார் எட்டில் ஒரு பங்கைக் கொடுத்தாலே முகம் தெளிந்துவிடும். முழுச் சக்தியில் ஏறக்குறைய 230 முறை அடிக்கும் என்று அதன் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எட்டில் ஒரு பங்கில் அடித்தால் ஒரு செட் பேட்டரி காலையிலிருந்து மாலை வரை தாங்கும். அடுத்த அடிக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

மலையோ கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே முகத்துக்கு அருகில் உள்ள ஃப்ளாஷ் மலையைத் தொடவே தொடாது. மேகம் எவ்வளவு கறுத்துத் தெரிய வேண்டும் என்பதைக் கேமராவின் துளையும் ஷட்டரும் தீர்மானிக்கும்; முகம் எவ்வளவு துலங்க வேண்டும் என்பதை ஃப்ளாஷின் சக்தி தீர்மானிக்கும். இந்த இரண்டையும் தனித்தனியாகத் திருகக் கற்றவருக்குப் பாதித் தொழில் கைவந்த மாதிரி. ஒரே கட்டுப்பாடு, பெரும்பாலான கேமராக்களில் ஷட்டரை 1/200 அல்லது 1/250க்கு மேல் வேகமாக்கினால் ஷட்டர் திரையின் நிழல் படத்தில் கறுப்புப் பட்டையாக விழும். ஹை ஸ்பீட் சிங்க் என்ற வசதி அதைத் தாண்ட உதவும், ஆனால் சக்தியை நிறையத் தின்னும். சாரல் நாளில் அதன் பக்கமே போக வேண்டியதில்லை.

கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ஃப்ளாஷின் வீச்சைச் சொல்லும் கைடு நம்பரைத்தான். ‘60’ என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த எண், ஃப்ளாஷின் தலையை 200 மில்லிமீட்டர் ஜூமில் குவித்து அளந்தது. டார்ச்சைக் குவித்து அடித்தால் தூரம் போவதுபோல்தான். குடைக்குள் அடிக்கும்போது தலையை அகலமாக்க வேண்டும், அப்போது அந்த எண் பாதியளவுக்கு இறங்கிவிடும். ஆக, 58க்கும் 60க்கும் இடையில் மண்டையைப் பிய்த்துக்கொள்வதில் பொருளில்லை.

வெளிச்சம் மென்மையாக விழுகிறதா என்பதை விலை முடிவு செய்வதில்லை. முகத்திலிருந்து பார்க்க அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே முடிவு செய்கிறது. சூரியன் 14 லட்சம் கிலோமீட்டர் விட்டமுள்ளது என்றாலும் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரை டிகிரிதான் பிடிக்கிறது. அதனால்தான் வெயில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஃப்ளாஷ் தலை இரண்டு மீட்டர் தூரத்தில் இரண்டு டிகிரிக்குச் சற்றே கூடுதலாகப் பிடிக்கும். அதுவும் கடுமைதான். ஒரு மீட்டர் அகலக் குடையை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் ஐம்பது டிகிரிக்கு மேல். சில நூறு ரூபாய்க் குடை செய்யும் இந்த வேலையை நாற்பதாயிரம் ரூபாய் ஃப்ளாஷ் நேரடியாக அடித்துச் செய்ய முடியாது. அதே குடையை நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் குடை இருந்தும் பயன் பெரிதாக இல்லை.

பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவமாக்கியிருக்கிறது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் பல, கூரையிலோ சுவரிலோ பெரிய கண்ணாடி பதித்து வான வெளிச்சத்தை உள்ளே இறக்கியவை. தாத்தா, பாட்டி படங்களில் கன்னத்தில் நிழல் மெல்ல வழுக்கிப் போவதற்கு அந்தக் கண்ணாடியின் அகலமே காரணம்.

நம் தோலுக்கும் நம் உடைக்கும் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது பெருமளவுக்கு அதன் பளபளப்புதான். சின்ன விளக்கு நேராக அடித்தால் நெற்றியில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. பெரிய குடை பக்கவாட்டில் இருந்தால் அதே பளபளப்பு கன்ன எலும்பு முழுக்க மெதுவாகப் பரவும். பட்டுச்சேலையின் ஜரிகையும் மூக்குத்தியும் நேரடி ஃப்ளாஷில் எரிந்துபோவதும் விளக்கு சின்னதாக இருப்பதால்தான். கேமராவே கணக்குப் போடும் டிடிஎல் முறை, வெள்ளை வேட்டி சட்டையைக் கண்டால் வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். ஆள் நகராமல் நிற்கும் போர்ட்ரெய்ட்டுக்கு, சக்தியைக் கையால் வைக்கும் மேனுவல் ஃப்ளாஷே மேல், விலையும் குறைவு. ‘கொஞ்சம் வெள்ளையா எடுங்கண்ணே’ என்று கேட்பவர்களுக்காகச் சக்தியைக் கூட்டுவது மட்டும் வேண்டாம். தோலின் நிறமும் விவரமும் போய் மாவு பூசிய முகம்தான் மிஞ்சும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய எதிரி ஒன்று உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியே சீறி வரும் காற்று. தென்காசி, சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான காற்று, ஸ்டாண்டில் விரித்த குடையைப் பாய்மரமாக்கி, ஃப்ளாஷோடு வயலுக்குள் சாய்த்துவிடும். மணல் மூட்டை கட்டலாம், ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை ஸ்டாண்டில் தொங்கவிடலாம். எல்லாவற்றையும்விட, கையில் பிடித்துக்கொள்ள ஒரு தம்பியை அழைத்துப் போவது பத்திரம். அருவிப் பக்கம் போனால் வேறு வினை: கேமராவின் தலையில் ஃப்ளாஷ் இருந்தால் லென்ஸுக்கு அருகில் பறக்கும் நீர்த்திவலைகள்தான் முதலில் வெளிச்சம் வாங்கும்; படம் முழுக்க வெள்ளைப் பொட்டு விழும். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் கொண்டுபோனால் பொட்டு பெருமளவு குறையும். முந்நூறு வோல்ட் கருவி என்பதால் அருவித் தூவானத்துக்குள் கொண்டுபோகாமல் தள்ளியே நிறுத்த வேண்டும்.

ஆகச் செலவை எப்படிப் பிரிப்பது? ஐந்தாறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மேனுவல் ஃப்ளாஷ் ஒன்று, கேமராவிலிருந்து பிரித்து வைத்த ஃப்ளாஷை அடிக்க வைக்கும் அதே கம்பெனியின் வயர்லெஸ் ட்ரிக்கர் ஒன்று, உறுதியான ஸ்டாண்ட், வெள்ளைக் குடை, நல்ல ரீசார்ஜ் பேட்டரி இரண்டு செட். எல்லாம் சேர்த்து, கேமரா கம்பெனியின் உயர்ரக ஃப்ளாஷ் ஒன்றின் விலையில் பாதிகூட வராது. ட்ரிக்கரை வேறு கம்பெனியில் வாங்காதீர்கள். ஒன்றின் ரேடியோ மொழி பெரும்பாலும் இன்னொன்றுக்குப் புரியாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கேனன் 1500டி, 250டி போன்ற சில மலிவுக் கேமராக்களில் ஃப்ளாஷ் செருகும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய உலோகப் புள்ளியை அந்தக் கம்பெனி எடுத்துவிட்டது. அந்த ஒற்றைப் புள்ளியை நம்பியிருக்கும் சாதாரண ஃப்ளாஷும் ட்ரிக்கரும் அவற்றில் அடிக்காது. இணையத்தில் விலை மலிவு என்று ஆர்டர் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்ப அலையாமல், கேமராவைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், ட்ரிக்கரைச் செருகி, நாலு தடவை அடித்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.