தளை நீக்கமும் நில உரிமையும்

உருசியப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் 1861ஆம் ஆண்டிலே பண்ணையடிமைகளை விடுவித்த செய்தியை வரலாறு பயிலும் மாணவர் யாவரும் அறிவர். அதற்கு நான்கு ஆண்டுகளின் பின், 1865இல், இலங்கையில் இயற்றப்பெற்ற 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச்சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிட இடமளித்தது என்பதை அறிந்தோர் சிலரேயாவர். மலைநாட்டில் வாழும் நாம் இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்து.

உருசியாவில் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் பண்ணையடிமைகள் விடுதலை பெற்றனர். விரும்பியவாறு மணம்புரியவும் உடைமை கொள்ளவும் வழக்காடவும் அவர்க்கு உரிமை கிடைத்தது. ஆயின், நிலம் இலவசமாகக் கிடைத்திலது. அரசாங்கம் நிலக்கிழார்க்கு ஈடு வழங்கி, அத்தொகையைக் குடியானவரிடம் 49 ஆண்டுத் தவணையில் அறவிட முற்பட்டது. கிராம சமுதாயம் முழுவதும் அக்கடனுக்குப் பொறுப்பாதலின், அதன் இசைவின்றி ஒருவன் ஊரை விட்டு நீங்குதல் அரிதாயிற்று. நிலக்கிழாருக்கு அடிமையாயிருந்தவன் கடனுக்கு அடிமையானான். இத்தவணை முறை 1907இலேயே முற்றாக ஒழிந்தது.

நம் மலைகளிலும் தளையாக நின்றது கடனே. சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளி அடிமையல்லன். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகக்கூடியவன். ஆனால், தமிழகத்திலிருந்து புறப்படும்போதே வழிச்செலவும் கங்காணி தந்த முன்பணமும் அவன் பெயரிற் பற்றெழுதப்பட்டன. வேறு தோட்டம் செல்ல வேண்டின், கடன் தீர்க்கப்பட்டால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்து, அதனை அவன் பெயரிலேயே மீண்டும் எழுதிக்கொள்ளும். தொழிலாளி மலை மாறினான், கடன் மாறவில்லை.

இக்கொடுமையை எதிர்த்துச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இடைவிடாது வாதாடினர். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்ட மக்களுள் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். எனினும், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனை அடுத்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவருட் பெரும்பாலார்க்கு அவ்வுரிமையை இல்லாதாக்கின. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

அலெக்சாந்தரின் ஆட்சி 1864இல் உள்ளூர் மன்றங்களை அமைத்தது. அவற்றில் நிலக்கிழாரே மேலோங்கி நின்றனராயினும், குடியானவருக்கும் இடமிருந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் அவற்றால் எழுந்தன. இலங்கையிலோ, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுதற்குத் தடையாய் இருந்தது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018இலேயே வந்தது.

ஆகவே, தளை நீக்கம் ஒரே நாளில் முடியும் செயலன்று. உடலுக்குச் சுதந்திரம், ஊராட்சியில் இடம், காலூன்ற நிலம் ஆகிய மூன்றும் கூடினாலன்றி அது நிறைவுறாது. முதலிரண்டும் நமக்குக் காலந்தாழ்த்தியேனும் கிட்டின. தலைமுறை பலவாக வாழ்ந்தும், தாம் குடியிருக்கும் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றும் பல. 1861ஆம் ஆண்டை மனனஞ் செய்யும் நம் மாணவர், நிலமின்றி வந்த விடுதலை எத்துணைக் குறையுடையது என்பதையும் உடன் உணர்வாராக.